படிக்குக் கீழே நின்ற பெட்டிகள்

சென்ற வருடம் ஜெர்மனியின் எசன் நகரில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில் என் தூரத்து உறவினர் ஒருவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார்.

"இவர்தான் யோகன். மலைக்குள்ள ஒரு ஹோட்டலிலை வெள்ளைக்காரற்றை சப்பாத்து காய வைக்கிறவர்."

"அதுக்கும் இஞ்சை ஆள் வேணுமோ?"

"பின்னை? அதுக்குப் படிப்பும் இருக்காம்."

மேசை சிரித்தது. நானும் சிரித்தேன். சபையில் வாய் திறக்கத் தெரியாதவன் வேறு என்ன செய்வது?

முதுகு பழுதாகி, ஐம்பத்தாறு வயதிலேயே எனக்கு ஓய்வு தந்துவிட்டார்கள். இப்போது இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வேலை அனுபவத்தை எழுதச் சொல்லி இளைஞர்கள் கேட்கிறார்கள். "அண்ணை, கொஞ்சம் சந்தோசமா எழுதித் தாங்கோ" என்றார்கள். மூன்று தரம் சந்தோஷமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அந்த ஐப்பசி மாத மாலையில் வந்து பேனா நின்றுவிட்டது. ஆகவே அதைத்தான் எழுதப்போகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டாம், அது பிழையில்லை.

நான் பதினாறு வருடம் வேலை செய்த விடுதி சவர்லாந்து மலைகளில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. பன்னிரண்டு அறைகள். மலைமுகட்டில் ஒரு நீண்ட நடைபாதை போகிறது. மனிதர்கள் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கிழமை அதில் நடக்கிறார்கள். காலையில் ஓர் ஊரில் வெளிக்கிட்டு மாலையில் அடுத்த ஊரில் படுப்பார்கள். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்தப் பாதைக்குப் புதுக் குறிகள் போட்டு, புதுப் படம் அச்சடித்தபோது எங்கள் ஊருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் பழைய நடைச் சப்பாத்துகளுக்குள் மண் நிரப்பிப் பூங்கன்று வைத்தார்கள். நடந்து வருபவர்களின் சிறு புத்தகத்தில் குத்தவென்று பேக்கரியில்கூட ஒரு முத்திரை வந்தது. ஊர் எல்லையில் பெரிய மரப்பலகை: "நடந்து வருபவர்களை எங்கள் ஊர் வரவேற்கிறது."

அந்தப் பலகை நிற்கும் அதே வீதியால்தான், எண்பதுகளின் கடைசியில், அகதி விடுதியிலிருந்து மழைக்குள் நானும் நடந்து வந்தேன். அப்போது ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. நடந்து வருபவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதவில்லை.

விடுதியின் சொந்தக்காரி ஹென்ரிகே அம்மா என்னை வேலைக்கு எடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். ஈரச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, அதற்குள் பழைய பத்திரிகையைக் கசக்கித் திணித்தார். அதுதான் என் முதல் பாடம். மற்றப் பாடங்களும் அந்த வாரத்திலேயே முடிந்தன. வாசலுக்கு வெளியே சேற்றைத் தட்ட வேண்டும். நாடாவைக் கடைசி ஓட்டைவரை தளர்த்தி, உள் அட்டையை வெளியே எடுக்க வேண்டும். பத்திரிகையைத் திணித்து, ஒரு மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும். முதல் தாள்தான் கூடுதலான தண்ணீரைக் குடிக்கும். ஹீட்டருக்கு மேல் ஒருபோதும் வைக்கக்கூடாது, பசை இளகி அடி கழன்றுவிடும். அடி கழன்ற சப்பாத்தோடு ஒருவர் அடுத்த நாள் மலையேறினால் அவர் விழுவார், விழுந்தால் அது எங்கள் பிழை.

கீழே சப்பாத்து அறைக் கதவில் ஒரு கரும்பலகை. அன்றைக்கு வரப்போகிறவர்களின் பெயரும் அறை இலக்கமும் காலையிலேயே சோக்கினால் எழுதியிருக்கும். அதன் கீழே ஒரு கயிற்றில், அந்த அறைகளின் இலக்கம் எழுதிய மர உடுப்புக் கிளிப்புகள் மட்டும் தொங்கும். வருபவர் பக்கக் கதவால் நேரே அந்த அறைக்குள் வந்து, சப்பாத்தைக் கழற்றி, தன் இலக்கக் கிளிப்பை நாடாவில் கொழுவிவிட்டு, காலுறையோடு மேலே போவார். இதெல்லாம் அம்மாவின் ஏற்பாடு.

ஆனால் அவருடைய முக்கியமான சட்டம் பெட்டிகளைப் பற்றியது. நடப்பவர்கள் முதுகில் சிறு பைதான் சுமப்பார்கள். பெரிய பெட்டியை ஊவே என்ற டாக்சிக்காரர் முன்னைய ஊரிலிருந்து மத்தியானமே கொண்டுவந்து இறக்கிவிடுவார். பெட்டி முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

என் முதல் கிழமையில் ஒரு நாள் மூன்று பெட்டிகள் வந்து படிக்குக் கீழே நின்றன. எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற விருந்தாளியின் சாமானை வழியிலே விட்டு வைப்பதா? எங்கள் ஆட்களில் யார் விடுவார்கள்? மூன்றையும் மேலே தூக்கிக்கொண்டுபோய் அறைகளில் வைத்துவிட்டுப் பெருமையோடு இறங்கி வந்தேன். அம்மா படிக்குக் கீழே நின்றார். அவர்கள் பேசிய ஜெர்மன் எனக்கு எங்கள் தமிழில்தான் நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"பெட்டியள் எங்கை?"

"மேலை வைச்சிட்டன், அம்மா."

"ஆக்கள் வந்திட்டினமோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப உடனை கீழை கொண்டுவா."

எல்லோரும் பார்க்க மூன்றையும் திரும்பக் கீழே கொண்டுவந்தேன். கஞ்சத்தனம், மரியாதை தெரியாத சாதி என்று மனதுக்குள் திட்டினேன். கடைசிப் பெட்டியை வைத்ததும் அவர் அதன் கைப்பிடியில் கை வைத்துச் சொன்னார்: "யோகன், இது சாமான் இல்லை. இது இஞ்சை நிக்குமட்டும் அந்த மனுசன் மலையிலை நிக்கிறான். சொந்தக்காரன் வந்துதான் இதைத் தூக்க வேணும். பெட்டி மேலை போனா, ஆள் வீட்டிலை."

அன்றிலிருந்து புரிந்தது. இலையுதிர் காலத்தில் ஐந்தரை மணிக்கு அவர் படிக்கு முன்னால் வந்து நிற்பார். ஒரு பெட்டி மிஞ்சியிருந்தால் முன்னைய ஊர் விடுதிக்குத் தொலைபேசி எடுப்பார்: எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார், என்ன நிறச் சட்டை? ஆறு மணிக்கும் பெட்டி நின்றால் வனக்காவலருக்கு எடுப்பார். பெரும்பாலும் ஒன்றுமிராது. ஆள் வழியில் ஒரு பீர் குடித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு அதற்காக வெட்கம் இல்லை. "சும்மா எடுத்த போனாலை ஒருத்தரும் சாகேல்லை" என்பார்.

அம்மாவின் கால்கள் ஓய்ந்து முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, விடுதியைக் குத்தகைக்கு எடுத்து வந்தவர் லோமன். ஹோட்டல் படிப்பு படித்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கெட்டவர்களைச் சமாளிப்பது எளிது. அவர் ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. யோகநாதன் என்ற என் முழுப் பெயரையும், முன்னால் 'ஹெர்' என்ற மரியாதைச் சொல்லும் போட்டு, பிழையில்லாமல் சொன்ன ஒரே ஜெர்மன்காரர் அவர்தான். "நாங்கள் இதை இப்படிச் செய்வம்" என்பார், செய்வது நான். சுவரெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்ட அறிவித்தல்கள் ஒட்டினார். யாராவது மறுத்துப் பேசத் தொடங்கினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிக்கும்போது பேச வந்தவருக்குப் பேச்சு மறந்துபோகும். எனக்கு அது எப்போதும் மறந்தது.

நடப்பவர்களை நன்றாக வரவேற்கும் விடுதிகளுக்கு ஒரு பித்தளைத் தகடு கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் பதிக்கலாம். அதற்காகச் சோதிக்க ஒரு பெண் பட்டியலோடு வந்தார். ஒரு இரவுக்கு அறை தருகிறார்களா, தருகிறார்கள். ஈரம் காய வைக்க இடம் இருக்கிறதா, இருக்கிறது. என் சப்பாத்து அறையைப் பார்த்து "அருமை" என்று எழுதினார். பிறகு விறாந்தையில் நின்று படிக்குக் கீழே பார்த்தார். "இது கொஞ்சம் ரயில் நிலையம் மாதிரி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். பட்டியலில் அது இருக்கவுமில்லை.

அடுத்த நாள் லோமன் என்னைக் கூப்பிட்டார். "ஹெர் யோகநாதன், இனிப் பெட்டியளை மூண்டு மணிக்கு முன்னம் அறைக்குள்ள வைப்பம். தலையணையிலை ஒரு சொக்லேட். திறப்புக் கதவுப் பூட்டிலை. வாற ஆக்கள் ஈரத்தோடை வரவேற்பறையிலை நிக்கத் தேவையில்லை. நேரை மேலை போகலாம்."

"ஹென்ரிகே அம்மா சொல்லுறவா..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஹென்ரிகே அம்மா இப்ப முதியோர் இல்லத்திலை இருக்கிறா, ஹெர் யோகநாதன்."

நான் பெட்டிகளைத் தூக்கினேன். முதல் கிழமையில் அறியாமல் செய்த பிழையை, எட்டு வருடம் கழித்து அறிந்துகொண்டே செய்தேன். லோமனில் எனக்குள்ள கோபத்தில் பாதி என்னில் உள்ள கோபம்தான். மறைக்கவில்லை.

இனி அந்த ஐப்பசி மாலை.

அன்றைக்குத்தான் தகடு கொடுக்கும் விழா. நகரபிதா, சபை ஆட்கள், பித்தளை வாத்தியக் குழு என்று நாற்பது பேருக்கு எங்கள் மண்டபத்தில் சாப்பாடு. காலையிலிருந்து மூடுபனியும் தூறலும். ஊவே ஒரு மணிக்கு ஒன்பது பெட்டிகளை இறக்கினார். ஒன்பதையும் நானே மேலே கொண்டுபோனேன். ஏழாம் அறைக்குரியது பச்சை நிறத் துணிப்பெட்டி, ஹனோவரிலிருந்து தனியே நடந்து வந்துகொண்டிருந்த அறுபது வயது தாண்டிய ஒரு பெண்ணினுடையது. தலையணையில் சொக்லேட் வைத்தேன். கதவில் திறப்பை விட்டேன். பிறகு என்னை மண்டபத்துக்குக் கதிரை அடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஐந்தரை மணிக்குத்தான் சப்பாத்து அறைக்கு இறங்க முடிந்தது. தட்டில் ஈரச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. பத்திரிகை திணிக்கத் தொடங்கினேன். எட்டாவது சோடி முடிந்ததும் கையை நீட்டினேன், அடுத்தது இல்லை. திரும்பிக் கயிற்றைப் பார்த்தேன். ஒரு கிளிப் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு.

சப்பாத்தோடு மேலே போயிருப்பாரோ என்று படிகளைப் பார்த்தேன். ஒரு சேற்று அடையாளம் இல்லை. சாப்பாட்டு அறைக்குப் போனேன். ஏழாம் இலக்க மேசை வெறுமையாக இருந்தது.

"பிர்கிட், ஏழாம் அறை அம்மாவைக் கண்டனீங்களோ?" என்று பரிமாறும் பெண்ணிடம் கேட்டேன்.

"இல்லை. களைச்சுப் படுத்திருப்பா. ஏன்?"

"சப்பாத்து இல்லை."

பிர்கிட் கையில் நான்கு தட்டுகளோடு என்னைப் பார்த்தாள். அவள் அம்மாவின் காலத்து ஆள். "போய் அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

லோமன் வாசலில் நகரபிதாவுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். புதுக் கழுத்துப்பட்டி.

"ஒன்பது பேர். எட்டுச் சோடிதான் இருக்கு" என்றேன்.

"என்ன எட்டுச் சோடி?"

"சப்பாத்து. ஏழாம் அறை வரேல்லை."

"பெட்டி அறைக்குள்ளைதானே?"

"அதை நான்தான் வைச்சனான்!"

என் குரல் அவ்வளவு உயர்ந்ததை அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஹெர் யோகநாதன், வளந்த மனுசர் தங்கடை விருப்பத்துக்கு நடப்பினம். எங்கையும் கோப்பி குடிச்சுக்கொண்டு இருப்பா. சாப்பாடு முடியட்டும், பாப்பம். ஒருத்தரையும் கரைச்சல்படுத்த வேண்டாம். இண்டைக்கு வேண்டாம்."

அந்த நேரம் நகரபிதாவின் கார் வந்தது.

நான் மேலே போய் ஏழாம் அறைக் கதவைத் தட்டினேன். திறப்பு நான் விட்டபடியே கதவில் இருந்தது. திறந்தேன். பச்சைப் பெட்டி நான் வைத்த இடத்தில் நின்றது. சொக்லேட் தலையணையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறம் மட்டும்.

சமையலறைத் தொலைபேசிக்குப் போனேன். இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எனக்கு ஜெர்மனில் தொலைபேசி பேசப் பயம். முகம் தெரிந்தால் கையைக் காட்டியாவது சமாளிக்கலாம். வைத்தியரைப் பார்க்க ஒரு டெர்மின், ஒரு நேரம், எடுக்கவும் மனைவிதான் பேசுவாள். அன்றைக்கு முன்னைய ஊர் விடுதிக்கு நானே எடுத்தேன். காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டதாகச் சொன்னார்கள். ஆறு மணித்தியால நடை. சிவப்பு மழைச்சட்டை. வைத்துவிட்டு அவசர உதவி இலக்கம் 112ஐ அழுத்தினேன். பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், "நீங்கள் விடுதிப் பொறுப்பாளரோ?" என்று கேட்டார்கள்.

"இல்லை. நான் சப்பாத்துப் பாக்கிற ஆள்" என்றேன்.

எங்கள் ஊரில் தீயணைப்புப் படை என்று தனியாகச் சம்பளத்துக்கு ஆட்கள் இல்லை. தச்சர், பேக்கரிக்காரர், வாத்தியம் வாசிக்கிறவர்கள், இவர்கள்தான் படை. மண்டபத்தில் நகரபிதா எழுந்து, நடந்து வருபவர்களை இந்த ஊர் எப்படி நெஞ்சோடு அணைக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார். பாடசாலைக் கூரையில் சைரன் ஊதியது. அதே கணம் மண்டபம் முழுவதும் இடுப்புகளில் கட்டியிருந்த சிறு அழைப்புக் கருவிகள் கீச்சிட்டன. பதினைந்து பேர் சூப்பை விட்டுவிட்டு எழுந்தார்கள். வாத்தியக் குழுவில் மேளக்காரர் மட்டும்தான் மிஞ்சினார். லோமன் கையில் தகட்டோடு நின்றார்.

ஒருவர் ஓடிக்கொண்டே கேட்டார்: "ஆர் கூப்பிட்டது?"

பிர்கிட் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு என்னைக் காட்டினாள்.

ஏழரை மணிக்கு அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தார்கள். பழைய கல்லுடைக்கும் இடத்துக்குக் கீழே, சரிவில், கணுக்கால் முறிந்து, நாலு மணித்தியாலமாக மழைக்குள் கிடந்திருக்கிறார். அந்தப் பள்ளத்தில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. கொண்டுவந்து அம்புலன்சில் ஏற்றும்போது நான் வாசலில் நின்றேன். முகம் மெழுகு மாதிரி இருந்தது, நடுக்கம்கூட நின்றிருந்தது. அம்புலன்ஸ்காரர் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "விடியுமட்டும் எண்டால் முடிஞ்சிருக்கும்." வெட்டிக் கழற்றிய அவருடைய சப்பாத்தை ஒருவர் என்னிடம் தந்தார். நான் அதற்குப் பத்திரிகை திணித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகையில், தகடு பெற்ற முதல் நாளே அந்த விடுதி தன் விழிப்பை நிரூபித்தது என்று எழுதினார்கள். லோமனின் படம் வந்தது. அதுகூடப் பரவாயில்லை. நான்காம் நாள் அவர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் தந்தார். அப்மானுங் என்று தலைப்பு. வேலையில் பிழைவிட்டால் எழுத்தில் தருகிற எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் வேலை போகலாம். விருந்தினரின் அறைக்குள் அனுமதியின்றி நுழைந்தது, மேலாளரின் தெளிவான கட்டளையை மீறியது, விழாவைக் குழப்பியது. மூன்று காரணம். அந்தப் பெண் உயிரோடு இருப்பது அதில் எங்குமில்லை.

"தனிப்பட்ட கோபம் இல்லை. ஒரு ஒழுங்கு வேணும்தானே" என்றார். "வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து."

கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி அகராதியோடு இரண்டு தரம் வாசித்தாள்.

"இஞ்சருங்கோ, கையெழுத்தைப் போட்டிட்டு வேலையைப் பாருங்கோ. குடியுரிமைக்கு அன்ட்ராக் போம் நிரப்பிக் குடுத்திருக்கு. இப்ப வேலை போனா எல்லாம் போச்சு."

"நான் என்ன பிழை செய்தனான்?"

"பிழை செய்தனீங்களெண்டு நான் சொன்னனானே? உங்களுக்கு வாதாட ஏலாது எண்டு சொல்லுறன்."

அது உண்மை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

அடுத்த நாள் சமையலறையில் பிர்கிட் சொன்னாள்: "கையெழுத்து வைக்கலாம். ஆனால் உங்கடை பதிலையும் எழுதிக் குடுக்கலாம். அதையும் அவர் உங்கடை கோப்பிலை அதோடையே வைக்கத்தான் வேணும். சட்டம்."

இரண்டு இரவு யோசித்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். நான் நீளமாக எழுதினால் அவர் என் இலக்கணத்தைத்தான் பார்ப்பார். கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டே வரி எழுதினேன். ஒன்பது விருந்தினர். எட்டுச் சோடிச் சப்பாத்து. கீழே பெயர். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை எனக்குப் பேச்சு மறக்கவில்லை. பேச வேண்டியதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது.

அதற்குப் பிறகு பெட்டிகளைப் படிக்குக் கீழேயே விட்டேன். அவரிடம் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவர் அந்த இடத்துக்கு ஒரு திரைச்சீலை தைத்துப் போட்டார். நான் தினமும் ஐந்தரை மணிக்கு வந்து அதை விலக்கினேன். பிறகு ஏழு வருடம் அப்படியே போனது. எத்தனையோ தரம் சும்மா தொலைபேசி எடுத்தேன். தொலைபேசிப் பயம் போகவில்லை, பயத்தோடேயே எடுத்தேன்.

இந்த வருடம், வேலையின் கடைசி நாளில், என் சாமான்களை எடுக்கப் போனேன். லோமன் கோப்பி தந்து, என் கோப்பின் பிரதியையும் மேசையில் வைத்தார். உண்மையிலேயே அன்போடுதான் சொன்னார்: "ஹெர் யோகநாதன், அந்தப் பழைய விசயத்தை எடுத்துவிட்டம். இப்ப உங்கடை கோப்பு சுத்தம்."

புரட்டிப் பார்த்தேன். அப்மானுங் இல்லை. என் தாளும் இல்லை.

"நான் எழுதினது எங்கை?"

"அதுவும் அதோடை சேந்ததுதானே. உங்கடை நன்மைக்குத்தான்."

வெளியே விறாந்தையில் வேலையாட்கள் அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். படிக்குக் கீழே லிஃப்ட் வரப்போகிறதாம். வருகிற கோடையிலிருந்து பெட்டிகள் அதில் ஏறி நேரே அறைகளுக்குப் போகும். வாசலில் தகடு பளபளத்தது. அதைத் துடைக்க ஆள் வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெண் மலைச்சரிவில் கிடந்தபோது அந்த விறாந்தை சுத்தமாக இருந்தது. இதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரேயொரு தாள்தான் இருந்தது. என் நன்மைக்காக அதைக் கிழித்துவிட்டார்கள். ஆகவே, மலரின் ஆசிரியர் தம்பி, நீங்கள் கேட்ட சந்தோஷம் என்னிடம் இல்லை. அந்தத் தாளை இங்கே திரும்ப எழுதித் தருகிறேன். இதையாவது எடுத்துவிடாமல் அச்சிடுங்கள்.

ஒன்பது விருந்தினர்.

எட்டுச் சோடிச் சப்பாத்து.

யோகநாதன்